யூரியா மூட்டையோடு வரும் டப்பா

சிட்டாவுக்கு 99 ரூபாய் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் நடத்துகிறேன். நான்கு கணினிகள், இரண்டு பிரிண்டர்கள், ஒரு கைரேகைக் கருவி, மின்சாரம் போனால் கால் மணி நேரம் மூச்சுப் பிடிக்கும் ஒரு யுபிஎஸ். விடிகாலையில் தக்காளி மண்டிக்குக் கூடைகளோடு வந்தவர்கள், ஏலம் முடிந்து கையில் காசு வந்ததும் என் கடைப் படியேறுவார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வில்லங்கம், பயிர்க்கடனுக்குச் சிட்டா. எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களில் பல ‘அள்ளி’ என்று முடியும். அதை ஒரு அலுவலகம் ‘ஹள்ளி’ என்று பதிந்திருக்கும், இன்னொரு அலுவலகம் ‘அள்ளி’ என்று பதிந்திருக்கும். என் தொழில் வாழ்க்கையில் பாதி இந்த ‘ஹ’வைத் தேடியே கழிந்திருக்கிறது. அது வேறு கதை.

அன்று மே மாதத்தின் கடைசி வாரம். கல்லூரி விண்ணப்பங்களுக்காகப் பிள்ளைகளும் பெற்றோரும் வாசல்வரை நிற்கிறார்கள். நடுவில் பெல்ரம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் கடனைப் புதுப்பிக்கச் சிட்டா வேண்டும் என்று வந்து நின்றார். மூன்றாம் எண் கணினியில் இருந்த தம்பி வேலையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“அண்ணா, சிட்டாவுக்கு எப்போதிலிருந்து பணம் வாங்குகிறார்கள்?”

எப்போதும் வாங்கியதில்லை. அரசின் நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்தால் சிட்டா இலவசமாகவே இறங்கும். கடையில் நாங்கள் வாங்குவது காகிதத்துக்கும் கைவேலைக்கும்தான். எழுந்து போய்ப் பார்த்தேன். பச்சை நிறப் பட்டை, மூலையில் ஏதோ முத்திரை போன்ற ஒரு வட்டம், நடுவில் பெயர், கைபேசி எண், அதன் கீழே பணம் கட்டும் பொத்தான். பார்த்த மாத்திரத்தில் அரசுத் தளம் போலவே இருந்தது. முகவரியைப் பார்த்தால் எவனோ ஒருவனுடைய தனிக்கடை.

இந்தத் தளத்துக்கு எப்படிப் போனாய் என்று கேட்டேன். வழக்கம்போல மேலே தட்டித் தேடினேன் என்றான். அவன் தேடியது உண்மை. ஆனால் தேடிக் கொடுத்தது நாங்கள் வைத்திருந்த தேடுபொறி இல்லை. நான் கேள்விப்பட்டே இராத பெயரில் ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. அது தந்த முடிவுகளில் முதல் நான்கும் விளம்பரங்கள். திரையின் வலது கீழ் மூலையில், ‘உங்கள் கணினியில் பிரச்சினைகள் இருக்கின்றன, உடனே சரிசெய்யுங்கள்’ என்று ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்தது. மின்விசிறி அரவை மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

“நான் எதையும் நிறுவவில்லை அண்ணா. பிடிஎஃப் மென்பொருள் அப்டேட் கேட்டது. கூட்டமாக இருந்ததால் ஓகே, ஓகே என்று கொடுத்துவிட்டேன்.”

அவன் மேல் தப்பில்லை. எதிரே ஏழு பேர் நிற்கும்போது, ‘அப்டேட்’ என்று எழுதிய பெட்டி திரையை மறைத்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அந்தப் பெட்டி அந்த நேரத்தையே நம்பிப் பிழைக்கிறது.

பெரியவருக்குப் பக்கத்துக் கணினியில் சிட்டா எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் எண்ணை அன்று மதியமே மூடிவைத்து, இரவு கடை அடைத்த பிறகு உட்கார்ந்தேன்.

முதலில் கண்ட்ரோல் பேனலில் நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைத் திறந்தேன். அது அகர வரிசையில் இருக்கும். அப்படியே பார்த்தால் ஒன்றும் புரியாது. ‘இன்ஸ்டால்டு ஆன்’ என்ற தலைப்பின் மேல் ஒரு முறை சொடுக்கினால் தேதி வரிசைக்கு மாறும். மாற்றியதும் குட்டு வெளிப்பட்டது. அன்றைய தேதியில் நான்கு பெயர்கள். ஒன்று பிடிஎஃப் மென்பொருள், நாங்கள் கேட்டது. கேட்காமல் வந்தவை மூன்று: ஒரு பிரவுசர், கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒன்று, வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்த இன்னொன்று. உங்கள் கணினி திடீரென்று வேறு ஆளாக மாறிவிட்டது என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதி வரிசையைத்தான்.

இந்தச் சங்கதி எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. என் அப்பா யூரியா வாங்கிய கதைதான் இது. தட்டுப்பாட்டுக் காலத்தில் உரக்கடையில் யூரியா கேட்டால் ஒரு மூட்டையோடு ஒரு டப்பாவையும் சேர்த்து வைப்பார்கள். நுண்ணூட்டம், வளர்ச்சி ஊக்கி என்று ஏதாவது ஒன்று. “இதுவும் எடுத்தால்தான் அதுவும்.” எங்கள் தோட்டத்து மோட்டார் அறையில் இப்படி வந்த டப்பாக்கள் ஒரு வரிசையே இருந்தது, பல பிரிக்கப்படாமலே. கடைக்காரருக்கு யூரியாவில் லாபம் சொற்பம், டப்பாவில்தான் காசு. இலவச மென்பொருளிலும் கணக்கு இதேதான். யாரோ ஒருவருடைய டூல்பாரையோ (பிரவுசரின் தலையில் ஒட்டிக்கொள்ளும் தேடல் பட்டை) பிரவுசரையோ உங்கள் கணினியில் இறக்கிவிட்டால், ஒரு நிறுவலுக்கு இவ்வளவு என்று இவர்களுக்குக் காசு வரும். ஒரு வேறுபாடு உண்டு. உரக்கடையில் அப்பா டப்பாவைக் கண்ணால் பார்த்தார், முணுமுணுத்தார், வாங்கினார். இங்கே மூட்டைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறார்கள்.

பெயர் தெரியாத சில்லறை ஆட்கள் மட்டும்தான் இதைச் செய்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2008 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம், விண்டோஸ் கணினிகளில் ஐடியூன்ஸையும் குயிக்டைமையும் அப்டேட் செய்யும் கருவி வழியாகவே, சஃபாரி பிரவுசரை அது இல்லாதவர்களுக்கும் நீட்டியது. டிக்கும் அதுவே போட்டு வைத்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லாவின் அப்போதைய தலைமை நிர்வாகி ஜான் லில்லி, அப்டேட் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையை இது கெடுக்கிறது என்று வெளிப்படையாகவே கண்டித்தார். அதன் பிறகு பட்டியலில் அப்டேட் தனி, புதிய மென்பொருள் தனி என்று பிரித்தார்கள். வேறு சில மென்பொருள்கள் ஓடத் தேவைப்படும் ஜாவாவின் பாதுகாப்பு அப்டேட்டோடு பல ஆண்டுகள் ஆஸ்க் டூல்பார் வந்தது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்தவன் கையோடு ஒரு வாடகைதாரனையும் கூட்டிவந்த மாதிரி. அந்த டூல்பார் ஜாவா நிறுவி முடிந்து பத்து நிமிடம் கழித்தே தன் வேலையைத் தொடங்குகிறது என்பது 2013இல் அம்பலமானது. உடனே சந்தேகப்பட்டுப் பட்டியலைத் திறந்தால் அது அங்கே இருக்காது. இணையப் பக்கங்களில் வீடியோவும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரோடு, வைரஸ் தடுப்பு நிறுவனமான மெக்காஃபியின் சோதனைக் கருவி டிக் போட்டே வந்ததும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மறந்திருக்காது. ஃபிளாஷ் பிளேயரின் ஆயுள் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்றும் ‘ஃபிளாஷ் அப்டேட் செய்யவும்’ என்று ஒரு பக்கம் கேட்டால் அது மோசடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அன்றிரவுக்கு வருகிறேன். மூன்றையும் நீக்கத் தொடங்கினேன். நீக்கும் சாளரத்திலும் வியாபாரம் நடந்தது. நீலத்தில் பெரிதாக ஒரு பொத்தான்: ‘வைத்துக்கொள்கிறேன்’ என்ற பொருளில். அதன் கீழே சாம்பல் நிறத்தில், பொத்தான் போலவே தோன்றாத சின்ன எழுத்தில், ‘நீக்கு’. அதைச் சொடுக்கினால், ஏன் போகிறீர்கள் என்று கேட்டு இன்னொரு திரை. அதில் நீலமும் சாம்பலும் இடம் மாறியிருந்தன. கையெழுத்துப் போடும் இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுக்கும் பத்திர எழுத்தர்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்.

மூன்றும் போய்விட்டன. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை கணினியைப் போட்டால் அந்தத் தேடுபொறி மறுபடியும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

அது இரண்டு இடங்களில் வேர் விட்டிருந்தது. ஒன்று டாஸ்க் ஷெட்யூலர். விண்டோஸில் குறித்த நேரத்துக்குக் குறித்த வேலையைச் செய்யச் சொல்லி வைக்கும் இடம் அது. தேடும் கட்டத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் திறக்கும். இடப்பக்கம் ‘லைப்ரரி’யைச் சொடுக்கினால் நடுவில் பட்டியல் வரும். எங்கள் பட்டியலில் ‘அப்டேட்’ என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு ஒன்று இருந்தது. அதைச் சொடுக்கி ‘டிரிக்கர்ஸ்’ பகுதியைப் பார்த்தேன்: யார் உள்நுழைந்தாலும் ஓடு, பிறகு மணிக்கொரு முறை ஓடு. ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில், நான் நீக்கிவிட்டதாக நினைத்த மென்பொருளின் அடைவுக்கே (ஃபோல்டர்) வழி காட்டியது. நீக்கும்போது வீட்டைக் காலி செய்தவன் சாவியைத் திருப்பித் தரவில்லை. அந்த வேலையை அழித்தேன், அடைவையும் அழித்தேன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தப் பட்டியலில் விண்டோஸின் சொந்த வேலைகளும் இருக்கும். ‘மைக்ரோசாஃப்ட்’ என்ற அடைவுக்குள் கையே வைக்க வேண்டாம். வெளியே கிடப்பவற்றை மட்டும், அது எந்த மென்பொருளை ஓட்டுகிறது என்று பார்த்த பிறகு அழியுங்கள். சந்தேகமாக இருந்தால் அழிக்காமல் ‘டிசேபிள்’ கொடுத்துவிட்டு இரண்டு நாள் வேடிக்கை பாருங்கள்.

இரண்டாவது இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிரவுசரின் அமைப்புகளில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் முகப்பில் இருந்த பிரவுசரின் ஷார்ட்கட் படத்தை இரட்டைச் சொடுக்குச் செய்தால் வேறு பக்கம் திறந்தது. கடைசியில் அந்த ஷார்ட்கட்டின் மேலேயே வலது சொடுக்கி ‘பிராப்பர்ட்டீஸ்’ பார்த்தேன். ‘டார்கெட்’ என்ற கட்டத்தில் பிரவுசரின் பாதை முடிந்து, மேற்கோள் குறி முடிந்து, ஒரு இடைவெளி விட்டு, அந்தத் தளத்தின் முகவரி ஒட்டவைக்கப்பட்டிருந்தது. கட்டம் சிறியது என்பதால் கர்சரைக் கடைசிவரை நகர்த்தினால்தான் தெரியும். பிரவுசர் நல்ல பிள்ளை. வாசலில்தான் ஆள் நின்று திசை மாற்றியிருக்கிறான். வாலை வெட்டியதும் சரியாகிவிட்டது.

வலது மூலைச் சிவப்புப் பெட்டி மட்டும் இதற்கெல்லாம் அசையவில்லை. அது மென்பொருளே இல்லை. ஏதோ ஒரு தளம் ‘அறிவிப்புகளை அனுப்பலாமா’ என்று கேட்டபோது யாரோ ‘அனுமதி’ கொடுத்திருக்கிறார்கள். பிரவுசர் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய், தெரியாத தளங்களையெல்லாம் எடுத்த அன்றே அது வாயை மூடியது. எங்கள் கடைக்கு ‘வைரஸ் வந்துவிட்டது’ என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு இந்த ஒரு பட்டியலைத் துடைத்தாலே போதுமாக இருக்கிறது. அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

இனி என் முட்டாள்தனம். இரண்டு நாள் தூக்கம் கெட்ட கோபத்தில் நான்கு கணினிகளிலும் அப்டேட் என்ற பெயரில் எது இருந்தாலும் நிறுத்தினேன். விண்டோஸ் அப்டேட்டின் சேவையைக்கூட ‘டிசேபிள்’ செய்தேன். பிரவுசரின் அப்டேட்டையும் விடவில்லை. எலித் தொல்லைக்கு வீட்டைக் கொளுத்திய கதை. ஐந்தாறு மாதம் கடை அமைதியாக இருந்தது. நானும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள் காலை, சான்றிதழ் விண்ணப்பிக்கும் பக்கம் பாதி மட்டும் திறந்து நின்றது. கைரேகைக் கருவி விரலைப் பார்க்கவே மறுத்தது. அன்று திங்கட்கிழமை, கூட்டமான நாள். ஆறு மாத அப்டேட்டை ஒரே மூச்சில் இறக்க, இணைய வேகமும் இல்லை, ஹார்டு டிஸ்க்கிலும் உயிர் இல்லை. மாலை நான்கு மணிவரை ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக்கொடுத்தேன்.

ஒரு நாள் வருமானத்தோடு போனது என் அதிர்ஷ்டம். 2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது பலருக்கு நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. சிக்கியவர்கள், கொடுத்த அப்டேட்டைப் போட்டுக்கொள்ளாதவர்கள். யூரியா வேண்டும். டப்பாதான் வேண்டாம். இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு திங்கட்கிழமை செலவானது.

அதன் பிறகு படிப்படியாகச் செய்தவற்றைச் சொல்கிறேன்.

கணக்கை இரண்டாகப் பிரித்ததுதான் பெரிய மாற்றம். முன்பு நான்கு கணினிகளிலும் ஒரே கணக்கு, அதற்கு எல்லா அதிகாரமும் உண்டு. இப்போது தம்பியும் மற்றவர்களும் வேலை செய்வது ‘ஸ்டாண்டர்ட்’ கணக்கில். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் என்னிடம் மட்டும். எதையாவது நிறுவ முயன்றால் திரை மங்கி, நடுவில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரும். அதில் வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் இருக்கும். சரிபார்க்கப்பட்ட நிறுவனம் என்றால் நீலப் பட்டை, யாரென்று தெரியாவிட்டால் மஞ்சள். விண்டோஸ் அமைப்புகளில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் புதுக் கணக்கு தொடங்கப் பத்து நிமிடம் போதும். ஒன்று கவனிக்க வேண்டும். சில மென்பொருள்கள் கடவுச்சொல்லே கேட்காமல், பயனரின் சொந்த அடைவுக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இது பூட்டிய கதவு, காவல்காரர் இல்லை.

காவலுக்கு விண்டோஸிலேயே ஒரு வசதி இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்’ என்பதற்குள் போய், ‘ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன்’ அமைப்புகளைப் பாருங்கள். அங்கே, தேவையற்றதாக இருக்கக்கூடிய மென்பொருள்களைத் தடுக்கும் ஒரு விசை இருக்கும். 2020 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இது சாதாரணப் பயனர் தொடும் இடத்துக்கு வந்தது. அதன் கீழ் இரண்டு டிக் பெட்டிகள். ‘டவுன்லோட்’ பெட்டி எட்ஜ் பிரவுசருக்கு மட்டும் பயன்படும், ‘ஆப்’ பெட்டி எந்த பிரவுசரில் இறக்கியதையும் பார்க்கும். இரண்டையும் போட்டுவிடுங்கள். என் கணினிகளில் இது அணைந்தே கிடந்தது.

நிறுவும் திரையில் ஏமாறாமல் இருப்பது தனிக் கலை. ‘எக்ஸ்பிரஸ்’, ‘ரெக்கமண்டெட்’ என்று ஒரு வழியும், ‘கஸ்டம்’, ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு வழியும் காட்டுவார்கள். இரண்டாவது ஏதோ பொறியாளர்களுக்கானது என்று பயந்து முதலாவதை அழுத்துவோம். டிக் பெட்டிகள் ஒளிந்திருப்பது இரண்டாவதில்தான். அதைத் தாண்டி இன்னொரு வலை இருக்கிறது, அதில் நானே இரண்டு முறை விழுந்திருக்கிறேன். நடுவில் ஒரு திரை வரும். நீளமான ஆங்கிலப் பத்தி, கீழே ‘அக்செப்ட்’, ‘டிக்ளைன்’ என்று இரண்டு பொத்தான்கள். பார்த்தால் மென்பொருளின் உரிமம் போலவே இருக்கும். ‘டிக்ளைன்’ கொடுத்தால் நிறுவலே நின்றுவிடும் என்று நினைத்து ‘அக்செப்ட்’ கொடுப்போம். உண்மையில் அந்தப் பத்தி முழுக்க வேறொரு மென்பொருளைப் பற்றியது. ‘டிக்ளைன்’ கொடுத்தால் அந்த டப்பா மட்டும் போகும், மூட்டை வந்துசேரும். எழுத்தைப் படிக்க நேரமில்லாவிட்டாலும், பத்தியில் நீங்கள் கேட்ட மென்பொருளின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். இல்லையென்றால் ‘டிக்ளைன்’. தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் இது.

இறக்கும்போதே கோப்பின் அளவையும் பாருங்கள். பெரிய மென்பொருள் ஒன்றின் கோப்பு ஒன்றிரண்டு எம்பிதான் என்றால் அது மென்பொருள் இல்லை, ஆளனுப்பி வாங்கிவரும் தரகர். ஓட்டிய பிறகு இணையத்திலிருந்து மூட்டையை இழுத்து வரும்போது டப்பாவையும் சேர்த்து இழுக்கும். ‘ஆஃப்லைன் இன்ஸ்டாலர்’ என்று தனியாக ஒன்று இருந்தால் அதையே எடுங்கள். நான் அதை இறக்கிய பிறகு இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் நிறுவுவேன். தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும்.

ஜாவா தேவைப்படுகிறவர்கள், ஒப்பந்தப் புள்ளிகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் போடுகிற ஒப்பந்ததாரர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் ஜாவா கண்ட்ரோல் பேனலில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியின் அடிவரை போனால், விளம்பரதாரர்களின் சலுகைகளைக் காட்டாதே என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் போட்டுவிட்டால் சரி.

இப்போது அப்டேட்டுக்கு என்று ஒரு நாள் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை இரவு, கடை அடைத்த பிறகு. விண்டோஸ் 11இலும், விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளிலும் மென்பொருள்களை நிறுவவும் அப்டேட் செய்யவும் விங்கெட் (winget) என்று ஒரு கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2021 மே மாதம் அதன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யும் கருவி என்பதால் ஆரம்பத்தில் நானும் ஒதுங்கியே போனேன். டெர்மினலைத் திறந்து, கருவியின் பெயரைத் தட்டி, ஒரு இடம் விட்டு ‘அப்கிரேட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், எந்தெந்த மென்பொருள் பழையதாகியிருக்கிறது, கையில் உள்ள பதிப்பு எது, கிடைக்கும் பதிப்பு எது என்று வரிசையாகக் காட்டும். வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி ஏற்றலாம். பெரும்பாலும் ‘அடுத்து, அடுத்து’ திரைகள் வராது. என் கடையில் இந்த வழியாக இதுவரை டப்பா எதுவும் வந்ததில்லை. கறுப்புத் திரை பிடிக்காதவர்களுக்கு நைனைட் என்ற தளம் உண்டு. வேண்டிய மென்பொருள்களை டிக் செய்தால், டூல்பார் எதுவும் இல்லாமல் மொத்தமாக நிறுவிக் கொடுக்கும். வீட்டுக்கு இலவசம், என்னைப் போன்ற கடைக்காரர்களுக்குக் கட்டணம் உண்டு.

இப்படி ஒரு நாளைக் குறித்துக்கொண்ட பிறகு, ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாக வைத்திருக்கும் அப்டேட் ஆள்களை வேலையிலிருந்து நிறுத்த முடிந்தது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும்; ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் கணினியோடு எழுந்திருப்பவர்களின் பட்டியல் இருக்கும். அதில் எனக்குத் தேவை என்று தோன்றியவை மூன்றுதான். மற்றவற்றை ‘டிசேபிள்’ செய்தேன். விண்டோஸையும் பிரவுசரையும் மட்டும் தொடவில்லை. அவை தானாகவே அப்டேட் ஆகட்டும். அவற்றில்தான் அவசரம் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் ஒரு வகை உண்டு: கேட்கவே கேட்காது. கல்லூரிப் பிள்ளைகள் சுருக்கிக் கட்டிய செயல்திட்டக் கோப்புகளைக் கொண்டுவரும்போது அவற்றை விரிக்கப் பயன்படும் வின்ரார் அப்படிப்பட்டது, அதில் தானாக அப்டேட் ஆகும் வசதியே இல்லை. 19 ஆண்டுகளாக ஒளிந்திருந்த ஓட்டை ஒன்று அதில் 2019இல் வெளியே வந்தது. 2023 ஆகஸ்டில் இன்னொன்றை 6.23 பதிப்பில் அடைத்தார்கள். என் கடையில் 2016இல் போட்ட பதிப்பு அதுவரை அப்படியே கிடந்தது. நச்சரிப்பவனை நிறுத்துவதில் மும்முரமாக இருந்தவன், வாயே திறக்காதவனை மறந்துவிட்டேன். விங்கெட் பட்டியலில் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சுத்தம் செய்யும் மென்பொருளைத் தேடி இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்கெனவே தேடுபொறி கெட்டுப்போன கணினியில் ‘டூல்பார் நீக்குவது எப்படி’ என்று தேடினால், அது காட்டும் மருந்துக்கடையும் அவனுடையதாகவே இருக்கும். வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். நான் பயன்படுத்துவது மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர். நிறுவத் தேவையில்லை, ஓட்டிவிட்டு அழித்துவிடலாம். டிரைவர் என்பது பிரிண்டர் போன்ற கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விற்கப்படும் எதுவும் என் கடைக்குள் வருவதில்லை. தேவையான டிரைவர் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டிலேயே வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் கருவியைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறது. சிட்டா, வில்லங்கம், சான்றிதழ் என்று தினமும் போகும் அரசுத் தளங்கள் எல்லாவற்றையும் புக்மார்க் செய்து பிரவுசரின் நெற்றியிலேயே வைத்துவிட்டேன். கடையில் அரசுத் தளத்தைத் தேடிப் போகக் கூடாது என்று தடை.

போன வாரம் தம்பி கூப்பிட்டான். “அண்ணா, திரை மங்கிவிட்டது, கடவுச்சொல் கேட்கிறது. பட்டை மஞ்சள்.” எழுந்துகூடப் போகவில்லை, ‘நோ’ கொடு என்றேன். அதற்குள் கொடுத்திருந்தான். வரிசையில் நின்ற அக்கா ஒருவர், ஏதோ தப்பாகிவிட்டதோ என்று பயந்துபோய், “என் விண்ணப்பம் போய்விட்டதா தம்பி?” என்று கேட்டார். போகவில்லை அக்கா, வேறு ஒருவர்தான் போனார் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இன்னும் நான் தோற்றுக்கொண்டிருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டாவது பிரிண்டர். அதன் மென்பொருளை முழுதாகப் போட்டால்தான் ஸ்கேன் வேலை செய்கிறது. முழுதாகப் போட்டால் மை வாங்கச் சொல்லும் ஒன்றும், ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று நச்சரிக்கும் ஒன்றும் சேர்ந்து வருகின்றன. நீக்கினால் அடுத்த அப்டேட்டில் திரும்ப வருகின்றன. இப்போதைக்கு விண்டோஸ் தரும் வெறும் டிரைவரை மட்டும் வைத்து அச்சடிக்கிறேன். ஸ்கேன் செய்ய வேண்டியதையெல்லாம் முதல் பிரிண்டருக்குத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். ஒரு நாளைக்கு எப்படியும் நாற்பது நடை.